வியாழக்கிழமை கரையொதுங்கியவர்கள்

அமெரிக்காவில், கடல்போலப் பரந்த சுப்பீரியர் ஏரியின் தென்கரையில், கப்பல் உடைந்து தவிப்பவர்களைக் காப்பாற்ற அரசாங்கம் ஒரு காலத்தில் கட்டிவைத்த மீட்பு நிலையங்களில் ஒன்று எங்கள் பெல்நாப் பாயிண்டில் இருக்கிறது. இன்று விடுதியாகிவிட்ட அதன் பொறுப்பாளர் ஆர்டிஸ் கோர்ப்பேலா என்கிற அம்மாள். அவருக்குப் படகு ஆகாது.

இதைக் கேட்டதும் வெளியூர் விருந்தினர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "யாராவது... ஏரியில..." என்று இழுப்பார்கள். யாரும் மூழ்கவில்லை. ஏழு வயதில் அப்பாவின் மீன்படகில் ஒருநாள் போனார். போகும்போது வாந்தி, வரும்போது வாந்தி, நடுவில் வலை இழுப்பதை வேடிக்கை பார்க்கிற சலிப்பு. இறங்கியதும் "இனிமே இதுல ஏற மாட்டேன்" என்றார். ஏழு வயதுப் பிள்ளைகள் இப்படி ஆயிரம் சொல்லும். ஆர்டிஸ் சொன்னதை வைத்துக்கொண்டார். விருந்தினர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். அவர்கள் ஒரு மரணத்தையாவது எதிர்பார்த்து வந்திருப்பார்கள்.

படகு ஆகாதவர் கட்டிக்கொண்டது ஒரு கப்பல்காரரை. கணவர் வெர்னர் இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் சமையல்காரர். பனி உருகினால் ஏறுவார், ஏரி உறைந்தால் இறங்குவார். "வருஷத்துல ரெண்டு மாசம் குடித்தனம், பத்து மாசம் நிம்மதி. எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்ல. வர்றதுக்கு நேரம் எங்க இருக்கு?" என்பது ஆர்டிஸ் தரும் விளக்கம். ஆனால் வெர்னரின் கப்பல் தொலைவில் கடக்கிற நாளில், அதன் சங்கு ஊதுவது கேட்டால், அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு, ஒரு வாணலியும் கரண்டியுமாகக் கரைக்கு ஓடிப்போய்த் தட்டுவார். அந்தத் தூரத்துக்கு அது கேட்கவே கேட்காது. கேட்காது என்று நான் ஒருதரம் எடுத்துச் சொன்னேன். "அவருக்குக் கேக்கறதுக்கா தட்டறேன்?" என்றார்.

நிலையத்துக்கு வருமுன் அவர் சாலைப் பனியை வாரித் தள்ளுகிற மாவட்டத்துப் பனிவாரி லாரி ஓட்டினார். எங்கள் ஊரில் பனி ஆளுயரம் விழும். ஆர்டிஸ் போன பாதை கோடு போட்டதுபோல் இருக்கும். அந்தக் கோட்டுக்குள் யார் வீட்டு வாசல் தபால் பெட்டி நீட்டிக்கொண்டிருந்தாலும் அது பனி உருகும் வசந்தத்தில்தான் அகப்படும். புகார் சொன்னவர்களிடம், "ரோடு ரோட்டு எடத்துல இருக்கு. பெட்டிதான் வெளிய வந்து நிக்குது" என்பார். இப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றதும், ஊர் வரலாற்றுச் சங்கம் மீட்பு நிலையத்தைத் தங்கும் விடுதியாக்கி, அதைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டது. கூடவே, பழைய காலத்து நிலையத் தலைவர்களுக்கு அரசு கொடுத்த விதிப் புத்தகத்தின் பிரதி ஒன்றையும், சும்மா ஒரு நினைவுப் பொருளாக, அவர் கையில் கொடுத்தது. சங்கம் செய்த தவறு அதுதான். சங்கம் அதை வரலாறாகப் படித்திருந்தது. ஆர்டிஸ் உத்தரவாகப் படித்தார்.

ஆகவே எங்கள் நிலையத்துக்கு விருந்தினராக வருகிறவர் காரில் வந்து வாசலில் இறங்க முடியாது. காரைத் தேவாலயத்தின் பின்னால் விட்டுவிட்டு, மணலில் நடந்து வந்து, கப்பல் உடைந்து கரையேறியவராகக் கதவைத் தட்டவேண்டும். ஆர்டிஸ் கதவைத் திறந்து விதிப்படி மூன்று கேள்வி கேட்பார். எந்தக் கப்பல்? எத்தனை பேர்? இன்னும் கப்பலில் இருப்பது யார்? பதில் சொன்னால்தான் உள்ளே. உள்ளே போனால் மரப்பெட்டியிலிருந்து முரட்டுக் கம்பளி உடுப்பு, போர்வை, மீன் சூப், ஊர் வழக்கப்படி முட்டையைப் போட்டுக் கொதிக்கவைத்த காப்பி. மணி நான்கானால் கடற்கரையில், அதாவது ஏரிக்கரையில், மீட்புப் பயிற்சி.

பயிற்சி நடத்துவது நாங்கள். எமில் கேடட் என்பவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்; கயிறு எறியும் குட்டிப் பீரங்கி அவர் பொறுப்பு. ஹெட்லி பாஸ்கோ இறைச்சிப் பணியாரம் சுட்டு விற்கிறவர். வடத்தின் கரைமுனையைக் கட்டுவதற்கு மணலில் நங்கூரம் புதைப்பது அவர் வேலை. நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவன். என் வேலை, வடத்தைத் தூக்கி நிறுத்துகிற கவைக்கோலைப் பிடித்துக்கொள்வது. இன்னும் சிலர் உண்டு. அவர்கள் வருவதும் வராததும் மான் வேட்டைப் பருவத்தைப் பொறுத்தது.

பயிற்சி இதுதான். கரையில் ஒரு கம்பம் நட்டிருக்கிறோம், அதுதான் கப்பல். பீரங்கி ஒரு மெல்லிய கயிற்றைக் கம்பத்துக்கு மேலாக எறியும். அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தால் கப்பி கோத்த வடம் போகும், அதோடு எப்படிக் கட்டுவது என்று எழுதிய பலகையும் போகும். வடம் கட்டியானதும் அதன்மேல் ஒரு மிதவை வளையம் ஓடும். வளையத்தில் தடித்த துணியில் பெரிய அரைக்கால்சட்டை ஒன்று தைத்திருக்கும். காப்பாற்றப்படுகிறவர் அதற்குள் இரண்டு காலையும் விட்டு உட்கார வேண்டும். நாங்கள் கரையிலிருந்து இழுப்போம். மனிதர் காலை ஆட்டிக்கொண்டு வந்து சேர்வார். உயிர் காக்க மனிதன் கண்டுபிடித்தவற்றில் இவ்வளவு மானக்கேடானது வேறொன்று இருக்காது.

விதிப்படி ஒவ்வொருவரும் தன் வேலையை உரக்கச் சொல்லிக்கொண்டே செய்யவேண்டும். "கவைக்கோலை நிறுத்துகிறேன்!" என்று நான் கத்தும்போது என்னிடம் பூகோளம் படித்தவர்கள் யாராவது படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. வடமேற்குக் காற்று, விட்டுவிட்டு மழை. அன்றைக்கு ஒரே ஒரு விருந்தினர், ஒஹாயோ மாநிலம் டொலிடோவிலிருந்து ஆட்லி என்கிற பல் டாக்டர். முந்தின வாரமே போனில் எச்சரித்திருந்தார்.

"மேடம், எங்க ஊரு நாடகக் குழுவுல நான் ரொம்ப வருஷமா நடிக்கிறேன். வந்தா நிஜமாவே வருவேன். தொப்பலா நனைஞ்சு வருவேன். என்ன ஆனாலும் நடிப்பை விடமாட்டேன். நீங்களும் விடக்கூடாது."

"நனையறது உங்க இஷ்டம். தரையைத் துடைக்கறதும் உங்க வேலைதான்" என்றார் ஆர்டிஸ். ஆனால் போனை வைத்தபின் முகத்தில் ஒரு திருப்தி. அவருடைய மூன்று கேள்விக்கு இதுவரை வந்தவர்கள் இளித்துக்கொண்டே பதில் சொன்னவர்கள். கடைசியில் விஷயம் தெரிந்த ஒரு ஆள் வருகிறான்.

மத்தியானம் தாண்டிக் கதவு தட்டப்பட்டது. தட்டியது என்பதைவிட, கதவின்மேல் எதுவோ சாய்ந்தது எனலாம். ஆர்டிஸ் திறந்தார். முப்பது வயதுக்காரன் ஒருவன் நின்றான். தலையிலிருந்து கால்வரை தண்ணீர். ஒரு காலில் செருப்பு இல்லை. உதடு நீலம்.

"எந்தக் கப்பல்?" என்றார் ஆர்டிஸ்.

அவன் வாயைத் திறந்து மூடினான். "மெ... மெரிவெல்."

"எத்தனை பேர்?"

"ரெண்டு."

"இன்னும் கப்பல்ல இருக்கிறது யாரு?"

"என் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தான்.

உள்ளே நாங்கள் பயிற்சிக்கு முந்தின காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தோம். எமில் என் காதில், "பல் டாக்டரா இவன்? என்னமா நடிக்கிறான்யா!" என்றார்.

"பல்லு புடுங்க வர்றவங்களைத் தினம் பாக்கறான்ல? அதான் நடுக்கம் அச்சா வருது" என்றார் ஹெட்லி.

அவனைத் தூக்கி வந்து அடுப்பருகே உட்கார வைத்தோம். ஆர்டிஸ் அவன் மாட்டியிருந்த ஆரஞ்சு மிதவை ஜாக்கெட்டைக் கழற்றினார். "எல்லாம் சரி. இது மட்டும் அந்தக் காலத்துக்கு ஒட்டல" என்று ஒரு ஆசிரியையின் கண்டிப்போடு சொல்லி, கம்பளியைப் போர்த்தினார். அவன் விரல்கள் சூப் கோப்பையைப் பிடிக்கவில்லை. ஆர்டிஸே பிடித்துக் குடிக்க வைத்தார்.

"படகு... வெளித் திட்டுல மோதிடுச்சு. நான் நீந்தி வந்தேன். அவளுக்கு நீச்சல் தெரியாது. ரேடியோ... ரேடியோ இருக்கா?"

"ரேடியோவை இன்னும் கண்டுபிடிக்கலையே, தம்பி" என்றார் ஆர்டிஸ். விதிப் புத்தகத்தின் வருஷத்தில் ரேடியோ கிடையாது. அவர் நடிப்பை விடவில்லை.

அவன் அவரைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பைத்தியங்கள் நடத்துகிற வீட்டில் கரையேறிவிட்டோம் என்று தெரிந்துகொண்டவன் பார்க்கிற பார்வை. "நீங்க என்ன சொல்றீங்க? அவ அங்க இருக்கா!"

"எங்கயும் போயிட மாட்டா. நாலு மணிக்குப் பீரங்கி. கொண்டுவந்துடலாம். அதுக்குள்ள இதைக் குடிச்சு முடிங்க."

அவன் எழுந்து கதவுக்குப் போகப் பார்த்தான். கால் நிற்கவில்லை. புத்தி கலங்கிய நிலையில் தண்ணீருக்குத் திரும்ப ஓடுகிறவரைப் பிடித்து உட்கார வைக்கவேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. எமிலும் ஹெட்லியும் மிக நன்றாகப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவன் முகத்தைப் போர்வையில் புதைத்துக்கொண்டு அழுதான். ஹெட்லிக்கு மனம் உருகிவிட்டது. கை தட்டினார். நானும் தட்டினேன்.

சாப்பாட்டு அறையின் ஜன்னல்கள் காட்டைப் பார்த்தவை. ஏரியைப் பார்ப்பதற்கென்றே மேலே ஒரு கோபுரம் இருக்கிறது. அதில் அந்நேரம் யாரும் இல்லை. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

இந்தச் சமயத்தில்தான் கதவு மறுபடி தட்டப்பட்டது. இந்தத் தட்டல் கணீரென்று, தாளத்தோடு இருந்தது. ஆர்டிஸ் போய்த் திறந்தார்.

வாசலில் வழுக்கைத் தலையும் தொப்பையுமாக ஒரு மனிதர். தேவாலயத்துப் பம்பில் வாளி பிடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார். தோளில் பச்சை பிளாஸ்டிக் கடற்பாசி. எங்கள் ஏரியில் கடற்பாசி முளைப்பதில்லை. கையை விரித்து, தேவாலயத்தின் கடைசி வரிசைவரை கேட்கும் குரலில், "ஐயோ! போச்சே! நாப்பது உசுரும் போச்சே!" என்றார்.

ஆர்டிஸ் அந்த மூன்று கேள்வியைக் கேட்கவில்லை.

"நீங்க யாரு?"

"பாவப்பட்ட மாலுமி, தாயே!"

"நெசமா யாரு?"

"நடிப்பை விடமாட்டேன்னு அப்பவே சொன்னேனே" என்று அவர் தணிந்த குரலில் உரிமையோடு கண்டித்தார்.

ஆர்டிஸ் கை நீட்டி அந்தக் கடற்பாசியைப் பிடித்தார். "டொலிடோவா?"

"...ஆமா. டாக்டர் ஆட்லி."

ஆர்டிஸ் திரும்பினார். பனிவாரி லாரியில் நடுச்சாலையில் மாட்டைப் பார்த்தால்கூட முகம் மாறாதவர். அந்த முகத்தை அன்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. போர்வைக்காரன் முன் போய் மண்டியிட்டு, தினமும் கேட்கிற அந்த மூன்றாம் கேள்வியை மறுபடி கேட்டார். இந்தத் தடவை அதைக் கேட்கத் தெரியாதவர்போல் கேட்டார்.

"கப்பல்ல இருக்கறது... யாரு?"

"என் தங்கச்சி. ஜோலீன்."

"உங்க பேரு?"

"கால்வின்."

"எமில், பீரங்கி வண்டியை எடு" என்றார் ஆர்டிஸ்.

நான் அலுவலக அறைக்கு ஓடிப்போய், அதுவரை கண்டுபிடிக்கப்படாமல் இருந்த ரேடியோவில் கடலோரக் காவல் படையைக் கூப்பிட்டேன். ஹெலிகாப்டர் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. மீட்புப் படகு கிளம்பிவிடும், ஆனால் இந்தக் காற்றில் வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். நான் கரைக்குப் போனபோது மற்றவர்கள் பீரங்கி வண்டியை மணலில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஆட்லியும் தொப்பையைக் குலுக்கிக்கொண்டு இழுத்தார். கால்வின் போர்வையோடு மணலில் தவழ்ந்து வந்திருந்தான்.

பீரங்கிக் கயிறு எட்டுகிற தூரத்தில், தண்ணீருக்கடியில் கிடக்கிற வெளித் திட்டில் சின்னப் பாய்ப்படகு ஒன்று தரைதட்டிச் சாய்ந்து கிடந்தது. ஒவ்வொரு அலையும் அதன் மேலேறி மறுபக்கம் இறங்கியது. பாய்மரத்தின் அடியில் ஒரு ஆரஞ்சுப் பொட்டு. பொட்டு அசைந்தது. அந்த அலையில் எங்கள் ஊர் மீன்படகு எதுவும் வெளியே போக முடியாது. முடிந்தாலும் திட்டின் அருகே நெருங்க முடியாது.

எங்களுக்குத் தெரிந்தது ஒரு கம்பத்தைக் காப்பாற்றுவது. அதைத்தான் செய்தோம். ஹெட்லி "நங்கூரம் புதைக்கிறேன்!" என்று கத்திக்கொண்டே தோண்டினார். நான் "கவைக்கோலை நிறுத்துகிறேன்!" என்றேன். பார்க்க யாரும் இல்லை, படம் எடுக்க யாரும் இல்லை. ஆனாலும் கத்தினோம். கத்தாமல் செய்ய எங்களுக்குத் தெரியாது.

எமில் முதல் வெடி வைத்தார். காற்று கயிற்றை வளைத்துக் கிழக்கே கொண்டுபோய்ப் போட்டது.

"கம்பம் நகராது, எமில். காத்து நகரும். இன்னும் மேற்குப் பக்கமா வை" என்றார் ஆர்டிஸ்.

"எவ்வளவு மேற்கே?"

"தப்புன்னு உனக்குத் தோணற அளவுக்கு."

எமில் தப்பு என்று தோன்றுகிற அளவுக்குத் திருப்பி வைத்தார். இரண்டாவது கயிறு படகின் குறுக்கே விழுந்தது.

ஆரஞ்சுப் பொட்டு கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு தவழ்ந்தது. கயிற்றைப் பிடித்தது. இழுத்தது. பயிற்சிக்கென்று நாங்கள் வைத்திருந்தது மெல்லிய வடம், அதனால் ஒருத்தியால் இழுக்க முடிந்தது. பலகையும் போய்ச் சேர்ந்தது. அலைக்கு நடுவே அதை அவள் முகத்தருகே வைத்துப் படிப்பதைப் பார்த்தோம். ஒருதரம் நழுவவிட்டு மறுபடி பிடித்தாள். பாய்மரத்தில் கட்டினாள். நன்றாகவே கட்டினாள்.

வளையத்தை அனுப்பினோம். அது வடத்தின்மேல் ஓடிப் படகின்மேல் போய் நின்று, காலியான கால்சட்டையோடு ஆடியது. அவள் ஏறவில்லை. பாய்மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். கால்வின் கத்தினான். காற்று அந்தச் சத்தத்தை அவனுக்கே திருப்பிக்கொடுத்தது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து கையாட்டினோம். அவளுக்கு மரத்தை விடப் பயம். எவ்வளவு நேரம் ஆட்டினாலும் அது மாறாது என்று தெரிந்தது. படகு ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் நகர்ந்தது. வடம் தொய்வதும் இறுகுவதும் என் தோளில் தெரிந்தது.

"யாராவது போய் ஏத்தணும்" என்றார் எமில்.

கால்வின் எழுந்தான், விழுந்தான். எமில் கனமான மனிதர். வடம் அவரோடு தண்ணீருக்குள் போய்விடும். அவருக்கு அடுத்த ஆளைத் தேடி நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, வளையம் இழுபட்டுக் கரைக்கு வந்துகொண்டிருந்தது. இழுத்தது ஆர்டிஸ். வந்ததும் அதைப் பிடித்து நிறுத்தி ஒரு காலை உள்ளே விட்டார்.

"ஆர்டிஸ்! நீ படகுல ஏற மாட்டியே!" என்றார் எமில்.

"இது படகா? கால்சட்டை."

"போய்ச் சேர்ற எடம் படகுதானே?"

"இழுடா, எமில்" என்றார் ஆர்டிஸ்.

இழுத்தோம். பயிற்சியில் கம்பத்துக்கும் எங்களுக்கும் நடுவில் மணல்தான் இருக்கும், இங்கே ஏரி இருந்தது. பாதி வழியில் ஒரு பெரிய அலை அவர் காலைப் பிடித்துத் திருப்பிவிட்டது. முதுகு காட்டிக்கொண்டு போனார். அப்படியே தலையைச் சாய்த்து வாந்தி எடுப்பது தெரிந்தது. டாக்டர் ஆட்லி கயிற்றை இழுத்துக்கொண்டே வாய்விட்டு அழுதார். அன்று அவர் செய்ததிலேயே நடிப்பு இல்லாத காரியம் அதுதான்.

படகில் என்ன நடந்தது என்பதை ஜோலீன் பிறகு சொன்னாள். வானத்திலிருந்து ஒரு நரைத்த அம்மாள், கால்சட்டை வளையத்தில் பின்பக்கமாக வந்து மோதினாராம். முகம் பாசிப் பச்சை. முதல் வார்த்தை: "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ. எனக்கு இன்னும் ஒருதரம் இருக்கு." ஜோலீன் திரும்பிக்கொண்டாளாம். பயத்தில் செத்துக்கொண்டிருந்தவளுக்கு மரியாதை மறக்கவில்லை.

அது முடிந்ததும் ஆர்டிஸ், "வா. கையை விடு" என்றார்.

"முடியாது. பயமா இருக்கு."

"எனக்கும்தான். உனக்கு இதுல தொங்கறதுக்குப் பயம். எனக்குப் படகுல நிக்கறதுக்குப் பயம். நான் இப்ப எறங்கப் போறேன். எறங்கினா வளையம் காலியா இருக்கும். மாத்திக்குவமா?"

ஜோலீனுக்கு அதில் ஏதோ நியாயம் இருப்பதாகத் தோன்றியதாம். எந்த நியாயம் என்று இன்றுவரை அவளால் சொல்ல முடியவில்லை. ஆர்டிஸ் வளையத்திலிருந்து காலை எடுத்துப் படகில் வைத்தார். இன்னொரு காலையும் வைத்தார். அவள் கையிலிருந்து பாய்மரத்தைத் தான் வாங்கிக்கொண்டார். ஜோலீன் ஏறினாள்.

அவளை இழுத்துக் கரை சேர்த்த நிமிஷங்களில் என் கண் ஜோலீன்மேல் இல்லை. பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, அவருடைய அப்பாவின் மொழியில் ஆர்டிஸ் திட்டுவது காற்றில் துண்டு துண்டாக வந்தது. எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு ஃபின்னிஷ் மொழியில் தெரிந்தது அந்தத் திட்டுகள் மட்டும்தான், ஆகவே நன்றாகப் புரிந்தது. அப்பாவையும், மீன்படகையும், வரலாற்றுச் சங்கத்தையும் வரிசையாகத் திட்டினார். தன்னையும் திட்டினார். அதைத்தான் நெடுநேரம் திட்டினார்.

வளையத்தைத் திருப்பி அனுப்பினோம். அவர் ஏறியதும் படகு திட்டிலிருந்து எழும்பிக் கரைப்பக்கமாகச் சரிந்தது. வடம் தொய்ந்தது. நான் கவைக்கோலைப் பிடித்துக்கொள்வதை விட்டுவிட்டு மற்றவர்களோடு கயிற்றை இழுக்க ஓடினேன். விதிப்படி அது பெருங்குற்றம். கடைசித் தூரம் முழுக்க ஆர்டிஸ் தண்ணீருக்குள்ளும் வெளியிலுமாக வந்தார். ஹெட்லி கழுத்தளவு தண்ணீரில் இறங்கி அவரைக் கால்சட்டையோடு வாரி எடுத்தார். பின்னால் பாய்மரம் ஒடிந்து விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணனும் தங்கையும் ஒரே போர்வைக்குள் இருந்தார்கள். நிற்க முடிந்ததும் ஆர்டிஸ் நேரே அங்கே போனார்.

"நீங்க சொன்னதை நான் நம்பல" என்றார்.

கால்வின் அவரைப் பார்த்தான். அவன் தங்கையைக் கொண்டுவந்து கொடுத்தவர். அதற்காக நடந்தது நடக்காததாகிவிடாது. "கை தட்டினீங்க" என்றான்.

"ஆமா" என்றார் ஆர்டிஸ். தட்டியவர்கள் நாங்கள். எங்கள் பக்கம் அவர் கையைக்கூடக் காட்டவில்லை.

ஜோலீன்தான் போர்வையின் ஒரு முனையைத் தூக்கினாள். "நீங்களும் நனைஞ்சிருக்கீங்க. வாங்க." ஆர்டிஸ் போய் உட்கார்ந்தார். காவல் படையின் படகு முனையைச் சுற்றி வரும்வரை மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். அந்தப் படகிலிருந்து இறங்கிய அதிகாரி எங்கள் பீரங்கியையும், கால்சட்டையையும், டாக்டர் ஆட்லியின் தோளில் இன்னும் தொங்கிய கடற்பாசியையும் பார்த்தார்.

விருந்தினர் நாடகத்தை ஆர்டிஸ் இதோடு நிறுத்திவிடுவார் என்று ஊர் எதிர்பார்த்தது. எமிலுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் அடுத்த வியாழக்கிழமைக்கு முன்பே, வந்திருந்தவர்களை வழக்கம்போல் மணலில் நடந்து வரச் சொல்லிவிட்டார்.

இந்தியானாவிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஜோடி. வெயில் நாள். ஏரி சமையலறைத் தரைபோல் கிடந்தது. கதவைத் தட்டியவர்களின் உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மாப்பிள்ளை கையில் ஐஸ்கிரீம் வேறு.

"எந்தக் கப்பல்?"

"டைட்டானிக்!" என்று சொல்லி இருவரும் சிரித்தார்கள்.

"எத்தனை பேர்?"

"நாங்க ரெண்டு பேர், அப்புறம் ஒரு பூனை."

"கப்பல்ல இன்னும் யாரு?"

"பூனைதான்!"

ஆர்டிஸ் திரும்பி, "எல்லாரும் கரைக்கு" என்றார்.

"ஆர்டிஸ், சூப் ஆறிடும்" என்றார் ஹெட்லி.

"ஆறட்டும்."

"பூனைம்மா! அவன் பூனைன்னு சொல்றான்!" என்றார் எமில்.

"காது கேட்டுது. ஓடு."

நாங்கள் ஓடினோம். கரையில் ஆளுக்கொரு பக்கமாக நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து, கண்ணாடிபோல் கிடந்த ஏரியில் ஒரு பூனையைத் தேடினோம். ஆர்டிஸ் கோபுரத்தின் ஏணியில் ஏறிவிட்டார். புது மாப்பிள்ளை கீழே நின்று, உருகிய ஐஸ்கிரீமைக் கையில் வழியவிட்டபடி அண்ணாந்து பார்த்தான்.

"மேடம், நாங்க சும்மா சொன்னோம்!" என்று கத்தினான். "பூனையெல்லாம் இல்ல!"

"தெரியும்" என்றார் ஆர்டிஸ் மேலேயிருந்து. தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. வெளித் திட்டின் ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைவரை, ரோட்டில் பனி வாருகிற நிதானத்தோடு, ஒரு இடம் விடாமல் பார்த்துக்கொண்டு போனார்.